கண்டிச் சீமைக்கு வரும் காசு

அந்த அம்மா இடது கையை மூடவே இல்லை. இலங்கையின் யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் மழை பிடித்திருந்தது. வலது கையில் குடை, தோளில் துணிப்பை, இடது உள்ளங்கையை மட்டும் நனையாமல் நெஞ்சோடு ஒட்டி வைத்திருந்தார். வெளிநாட்டுப் பணம் எடுக்கும் கவுண்டர் முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றோம். என்னிடம் இருந்த டாலரை மாற்ற வேண்டியிருந்தது. முன்னால் நின்ற அவர் திரும்பிக் கையை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"தம்பி, இது ஒன்னா ஏழா, கொஞ்சம் பாருங்க."

பால்பாயின்ட் பேனாவால் எழுதிய பத்து எண்கள். குவைத்திலிருந்து மகள் போனில் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுப் பையன் எழுதிவிட்டானாம். வரும் வழியில் வியர்வையில் ஆறாவது எண்ணின் தலை கரைந்திருந்தது. கவுண்டர் பெண் ஏழு என்று போட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. ஒன்று என்று போட்டதும் பணம் வந்தது. நாற்பதாயிரம் ரூபாய். இரண்டு முறை எண்ணி, முந்தானையில் முடிந்து, பிறகுதான் அந்தக் கையால் குடையைப் பிடித்தார். எதிர்வரிசையில் இருந்த அடகுக் கடைக்குப் போய்ப் பேத்தியின் தோட்டை மீட்டுக்கொண்டு வந்தார். இருவருக்கும் ஒரே தோட்டம்தான் போக வேண்டும் என்று தெரிந்ததும் ஒரே திரீவீலரில் ஏறிக்கொண்டோம்.

நான் பிறந்தது துறையூருக்குப் பக்கத்துக் கிராமம். எங்கள் தெருவில் ஒரு காரை வீட்டைக் 'கண்டிக்காரர் வீடு' என்பார்கள். என் பாட்டியின் அப்பா, கண்டிச் சீமை என்று அன்று சொன்ன இலங்கை மலைநாட்டுக்குப் போய்த் தேயிலைத் தோட்டத்தில் இருந்து மணியார்டர் அனுப்பிக் கட்டிய வீடு. திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்துக் கிராமங்களில் இப்படி வீடுகள் இன்னும் நிற்கின்றன. நூறு வருடத்துக்கு முன்னால் பணம் இந்த மலைகளிலிருந்து எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. இன்று இந்த மலைகளில் இருக்கிறவர்கள் வேறு நாட்டுப் பணத்துக்குக் காத்திருக்கிறார்கள். அந்தப் பணம் இங்கே என்னவாகிறது என்று பார்க்கத்தான் சப்ரகமுவ மாகாணத்தின் கேகாலைக்கும் இரத்தினபுரிக்கும் வந்தேன்.

மலையகம் என்றால் நுவரெலியாவின் பனியும் பச்சையும்தான் நம் கண்ணில் நிற்கிறது. இந்தப் பக்கம் வேறு. களனி கங்கைப் பள்ளத்தாக்கு, தாழ்ந்த மலைகள், வெக்கை, ஓயாத மழை. தேயிலையைவிட ரப்பர்தான் அதிகம் கண்ணில் படுகிறது. விடிவதற்கு முன்பே பால் வெட்டப் போகிறார்கள். பட்டையில் சாய்வாகக் கீறி, சிரட்டையில் வடியவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வாளியில் சேர்க்க வேண்டும். மழை பெய்தால் பால் இல்லை, பால் இல்லையென்றால் அன்றைக்குப் பேர் இல்லை. ஒருநாள் சம்பளத்தை இங்கே 'ஒரு பேர்' என்கிறார்கள். எடை குறைந்தால் அரைப் பேர். சுற்றிலும் சிங்களக் கிராமங்கள், நடுவில் தீவுதீவாகத் தமிழ்த் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள். சின்னப் பிள்ளைகள்கூடக் கடையில் சிங்களத்தில் பேசி வாங்கிவிட்டு, வாசலில் ஏறும்போது தமிழுக்கு மாறுகிறார்கள்.

திரீவீலர் நின்ற இடத்தில் ஆறு காம்பரா, அதாவது ஆறு அறை கொண்ட லயம். தகரக் கூரை, முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒடுங்கிய திண்ணை, ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம். சில காம்பராவில் மூன்று தலைமுறை. நான்காவது காம்பராவில் மட்டும் தரைக்கு வெள்ளை டைல்ஸ், மூலையில் ஆளுயர ஃபிரிட்ஜ். வீட்டுக்காரி ஒன்பது வருடம் கட்டாரில் வீட்டு வேலை பார்த்துத் திரும்பியவர். முப்பத்தெட்டு வயது. என்னுடன் வந்த அம்மா, "இந்தப் புள்ளைகிட்ட கேளுங்க, கணக்கெல்லாம் எழுதி வச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கணக்கு ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் இருந்தது. தோஹாவிலிருந்து அனுப்பியதை ஒரு பக்கமும், அதை அம்மா செலவழித்ததைப் போனில் கேட்டு மறுபக்கமும் எழுதியிருக்கிறார். முதல் இரண்டு வருடப் பக்கங்களில் பெரும்பாலும் 'கடன்', 'கடன்' என்றே இருக்கிறது. பிறகு 'சங்கிலி மீட்டது', 'அம்மா ஆஸ்பத்திரி', 'தகரம் எட்டு', 'தங்கச்சி கலியாணம்'. ஆறாம் வருடத்திலிருந்து மாதம் தவறாமல் 'ரியூசன்'. மகன் இப்போது உயர்தரம் படிக்கிறான். இந்த லயத்தில் அதுவரை யாரும் அந்த வகுப்பைத் தொட்டதில்லை என்றார். அதைச் சொல்லும்போது கொப்பியின் அந்தப் பக்கத்தை விரலால் தடவினார்.

"இங்க இருந்திருந்தா?" என்று கேட்டேன்.

"இங்க இருந்திருந்தா அவனும் பால் வாளியோடதான் நின்னிருப்பான் அண்ணே."

இதை அவர் பேச்சுக்காகச் சொன்ன வார்த்தையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளர்களின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்தது. அதற்கு முன் 2021இலிருந்து ஆயிரம்தான், அந்த ஆயிரத்துக்கே பல வருடம் போராட வேண்டியிருந்தது. அந்த 1,350இல் மாதத்தில் இருபத்தைந்து பேர் முழுதாக விழுந்தாலும் 33,750 ரூபாய், அதிலும் சேமலாப நிதிக்குப் பிடிப்பார்கள். கட்டாரில் 2021 மார்ச்சில் வீட்டு வேலைக்காரர்களையும் சேர்த்து வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் ஆயிரம் ரியால். டாலர் முன்னூறு ரூபாய் என்று வைத்தால் எண்பதாயிரத்தைத் தாண்டும். இந்த வித்தியாசம்தான் பெண்களை விமானம் ஏற்றுகிறது.

அவர் கட்டாரில் போய் இறங்கிய முதல் வாரம் சமையலறை அலமாரியில் சிங்கம் போட்ட தேயிலைப் பெட்டியைப் பார்த்தாராம். இலங்கைத் தேயிலைச் சபையின் முத்திரை அது. சப்ரகமுவ போன்ற தாழ்நாட்டுத் தேயிலை கறுத்து, கெட்டியாக, கிளாசில் சிவந்து தெரியும். ஈராக், ஈரான், துருக்கி, வளைகுடா நாடுகள் என்று மேற்கு ஆசியாதான் அதற்குப் பெரிய சந்தை. "பெட்டிய எடுத்து மோந்து பார்த்தேன். ஊர் வாசம். அன்னைக்கு ராவெல்லாம் அழுதேன்" என்றார். இங்கே கிள்ளும் கொழுந்தும் போகிற இடம் அதுதான், கிள்ளுகிற கையும் போகிற இடம் அதுதான். விலை கையின் பக்கம் வந்து சேர்வது மட்டும் கை அங்கே போன பிறகு.

இந்த மலைகளில் பணம் எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. காப்பித் தோட்டக் காலத்தில் லண்டன் மூலதனமும், அது எட்டாத இடத்தில் கொழும்பு செட்டியார் தெருவிலிருந்து நாட்டுக்கோட்டையாரின் கடனும் வந்தன. லாபம் அந்தந்தத் திசைக்கே திரும்பிப் போனது. தொழிலாளி கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கப்பல் ஏறுவான். தோட்டம் மாறினால் அவன் கடன் இவ்வளவு என்று எழுதிய 'துண்டு' அவனோடு சேர்ந்து மாறும். 1921இல்தான் துண்டு ஒழிந்தது. அந்தக் கடனுக்கு நடுவிலும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் தமிழ்நாட்டுக்கு மணியார்டர் அனுப்பினார்கள். எங்கள் தெருவின் காரை வீடு அப்படி வந்தது. அதன் சுவரில் சாய்ந்துகொண்டு படித்தவன் நான், அதனால் இதை வெறும் வரலாறாக என்னால் எழுத முடியவில்லை. 1939இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வை நிறுத்தியது. 1948இல் இலங்கை இந்தத் தோட்டத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒரு தாளில் கையெழுத்திட்டு, ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். அந்தப் பேச்சில் இவர்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

மறுநாள் அவிசாவளைக்குத் திரும்பி அங்கிருந்து இரத்தினபுரி பஸ் பிடித்தேன். 1900களின் தொடக்கத்தில் இந்த வழியாகக் குறுகிய ரயில் பாதை யட்டியாந்தோட்டைக்கும் இரத்தினபுரிக்கும் ஓடியது. அவிசாவளையைத் தாண்டி இப்போது தண்டவாளம் இல்லை. இரத்தினபுரியில் மாணிக்கக் கல் வியாபாரிகள் தெருவில் நின்று காகிதப் பொட்டலத்தைப் பிரித்து வெளிச்சத்தில் காட்டுகிறார்கள். பார்த்துவிட்டு நகர்ந்தேன். பெல்மதுளையில் திரும்பி, காவத்தை, கொடகவெல வழியாக இறக்குவானை போய்ச் சேர மதியமாகிவிட்டது.

அங்கே ஓய்வுபெற்ற தமிழ்ப் பள்ளி அதிபர் ஒருவர் பழைய கட்டடம் ஒன்றைக் காட்டி, "இது சீடா கட்டடம்" என்றார். 1980களின் நடுவிலிருந்து சுவீடனின் உதவி நிறுவனமான சீடா மலையகத் தோட்டப் பாடசாலைகளுக்குப் பணம் கொடுத்தது. ஜெர்மனியின் உதவியில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. தோட்டத்துப் பிள்ளைகளே ஆசிரியர்களாகப் பயிற்சி பெற்று, தோட்டப் பள்ளிகளுக்குத் திரும்பினார்கள். வெளிநாட்டு உதவி என்றதும் பெயர்ப்பலகையும் ஜீப்பும்தான் என்று நானும் பேசியிருக்கிறேன். ஆனால் அதிபரோடு நடந்தபோது, அவரிடம் படித்தவர்கள், அவர்களிடம் படித்தவர்கள் என்று வழியெல்லாம் ஆட்கள் நின்று வணக்கம் சொன்னார்கள். ஆசிரியரை உருவாக்கப் போட்ட பணம் முப்பது வருடம் கழித்தும் இப்படி நடந்து வருகிறது. வேறெந்த உதவியைப் பற்றியும் இந்தப் பயணத்தில் இவ்வளவு துணிந்து சொல்ல மாட்டேன்.

பணக்கார நாடுகள் தங்கள் வருமானத்தில் 0.7 விழுக்காட்டை ஏழை நாடுகளுக்கு உதவியாகத் தர வேண்டும் என்று 1970இல் ஐநா பொதுச்சபை தீர்மானம் போட்டது. அரை நூற்றாண்டு கழிந்தும் அந்த அளவை எட்டுகிற நாடுகள் கைவிரலுக்குள் அடங்கும். 2023இல் அவர்கள் கொடுத்த மொத்த உதவி சுமார் 22,300 கோடி டாலர். அதே வருடம் வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் தங்கள் ஏழை, நடுத்தர நாடுகளுக்கு அனுப்பியது 65,000 கோடி டாலருக்கு மேல் என்கிறது உலக வங்கி. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதுவும் இருநூறு டாலர் அனுப்பினால் சராசரியாக ஆறு விழுக்காட்டுக்கு மேல் வழியிலேயே கட்டணமாகப் போன பிறகு.

இலங்கைக் கணக்கு இன்னும் பச்சையானது. 2020இல் வெளிநாட்டில் வேலை செய்வோர் அனுப்பியது 710 கோடி டாலர். பிறகு அரசு டாலர் விலையை இருநூற்றுச் சொச்சத்தில் கட்டி வைத்தது. வங்கிக்கு வெளியே அதைவிட நாற்பது ஐம்பது ரூபாய் கூடக் கிடைத்ததால் பணம் உண்டியல் வழியே போனது. எங்கள் ஊரில் உண்டியல் என்றால் கோயில். ஒரு காலத்தில் செட்டியார்களின் மாற்றுச் சீட்டுக்கும் அதுதான் பெயர். இங்கே இன்று, தோஹாவில் ஒருவரிடம் ரியால் கொடுத்தால் இங்கே வேறொருவர் வீட்டுக்கு வந்து ரூபாய் கொடுப்பது. 2022இல் வங்கி வழியாக வந்தது 379 கோடியாகச் சுருங்கியது. அந்த ஏப்ரலில் நாடு வெளிக்கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்தது. பெற்றோல், எரிவாயு, பால்மா எல்லாவற்றுக்கும் வரிசை. 2024இல் அந்த வரத்து 657 கோடிக்கு ஏறியது. அந்த வருடம் தேயிலை ஏற்றுமதியில் கிடைத்தது அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. சர்வதேச நாணய நிதியம் நான்கு வருடத்துக்குப் பிரித்துத் தர ஒப்புக்கொண்டது சுமார் 300 கோடி. அதற்காக எத்தனை நிபந்தனை, எத்தனை கைகுலுக்கல் படங்கள். வீட்டு வேலைக்காரப் பெண்கள் அனுப்பியதற்கு ஒரு படம் கிடையாது.

அவர்களுக்குக் கிடைத்தது வேறொன்று. 2013இல் 'குடும்பப் பின்னணி அறிக்கை' என்று ஒரு விதி வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகக் கூடாது. 2022இல் டாலர் வறண்டபோது அதே விதியில் வயதை இரண்டாகக் குறைத்தார்கள். தகப்பன் போனால் இந்தக் கேள்வியே இல்லை. பிள்ளைகள் தாயில்லாமல் வாடுவது உண்மை, அதை லயத்தில் கண்ணால் பார்த்தேன். ஆனால் அந்தத் தாய் ஊரிலேயே இருந்து பிள்ளையை வளர்க்கிற அளவுக்குக் கூலி இல்லை என்பதை எந்தப் படிவமும் கேட்பதில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

இறக்குவானையில் அதிபர் இன்னொன்றும் சொன்னார். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கங்களில் தமிழர்களின் கடைகளும் லயங்களும் தாக்கப்பட்டன. 1977லும் அப்படித்தான். பல குடும்பங்கள் வவுனியாப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறின, சிலர் இந்தியா போனார்கள். "அதுக்குப் பிறகு எங்க ஆளுங்க கையில காசு வந்தா மண்ணுல போடப் பயப்படுவாங்க. கழுத்துல போட்டுக்குவாங்க. ஓடும்போது கூட வரும்ல" என்றார். யட்டியாந்தோட்டை அடகுக் கடையும் அந்தத் தோடும் எனக்கு அப்போது வேறு மாதிரித் தெரிந்தன.

மண்ணில் போட நினைத்தாலும் மண் அவர்களுடையது இல்லை. 1970களில் அரசுடைமையான தோட்டங்களை 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குக் கொடுத்தார்கள். பிறகு 53 வருடக் குத்தகை, 2045 வரை ஓடுகிறது. லயத்தின் பின்சுவரை நாலடி நீட்டவும் தோட்ட ஆபீசில் அனுமதி கேட்க வேண்டும். இந்திய அரசின் வீடமைப்புத் திட்டத்தில் முதல் நாலாயிரம் வீடுகள் மத்திய, ஊவா மாகாணங்களுக்குப் போயின. இன்னும் பத்தாயிரம் வீடு என்று பிரதமர் மோடி 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவித்தார், சப்ரகமுவவும் அதில் சேர்ந்தது. முதற்கட்டமாக 1,300 வீடுகளுக்கு அடிக்கல் விழுந்தது 2024 பிப்ரவரியில். ஒரு வீட்டுக்கு 28 லட்சம் இலங்கை ரூபாய், அதோடு நிலம். நிலம் அவர்கள் பேருக்கே எழுதப்படும் என்பதுதான் இதில் பெரிய விஷயம். உதவிப் பணம் நிலத்தோடு வருகிறது, ஆனால் தவழ்ந்து வருகிறது. பெண்கள் அனுப்பும் பணம் மாதாமாதம் தவறாமல் வருகிறது, நிற்க இடமில்லாமல் டைல்ஸாகவும் ஃபிரிட்ஜாகவும் ஆகிவிடுகிறது. 'வெளிநாட்டுக் காசை வீணடிக்கிறார்கள்' என்று இரத்தினபுரிக் கடைக்காரர் ஒருவர் என்னிடம் குறைப்பட்டார். சொந்தமில்லாத தரையில் டைல்ஸ் போட்டவருக்கு அதைவிட என்ன செய்ய இடம் வைத்திருக்கிறோம் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

திரும்பும்போது சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று நான்காவது காம்பராக்காரி சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் மாலை போனேன். ரொட்டி, மாசிச் சம்பல், பலாக்காய்க் கறி. மகன் கட்டிலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் பிளாஸ்டிக் தாள் சுற்றிய ஏதோ நெட்டுக்கு நின்றது. போனமுறை கவனிக்கவில்லை. என்னவென்று கேட்டேன்.

"கதவு அண்ணே."

தோட்டத்தில் புது வீட்டுக்குப் பெயர்ப்பட்டியல் எடுத்த வருடம் அவர் தோஹாவில் இருந்தார். பட்டியலில் அவர் அம்மாவின் பேரும் இருந்தது. பெர்மிட் வாங்கி வெட்டிய நல்ல பலாமரம் தச்சாசாரியிடம் இருக்கிறது என்று தம்பி போனில் சொல்ல, மூன்று மாதச் சம்பளத்தை அனுப்பி நிலையும் கதவும் செய்யச் சொல்லிவிட்டார். கொப்பியில் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினார், 'வாசக்கதவு' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது. பிறகு நிலத்தைப் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். 2016 மே மாதம் இதே கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்து ஆட்களை மூடியிருந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஒப்பாமல் சரிவில் வீடு கட்ட முடியாது. குறித்து வைத்த இடம் ஆகாது என்று ஆகிவிட்டது. வேறு இடம் பார்க்கிறோம் என்றார்கள். அம்மா போன வருடம் இறந்துபோனார். பட்டியலில் பேரை மாற்ற எழுதிக் கொடுத்திருக்கிறார்.

பிளாஸ்டிக் தாளை அவிழ்த்துக் காட்டினார். மஞ்சள் முற்றிப் பழுப்பாகிக்கொண்டிருந்த பலா. மேலே தாமரை செதுக்கியிருந்தது. பூட்டும் பொருத்தியாகிவிட்டது, சாவி சாமிப் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கியது.

"எத்தனை வருசமாச்சு?" என்றேன்.

"ஆறு. மாசத்துக்கு ஒருதரம் வேப்பெண்ணெய் பூசுவேன். கறையான் ஏறிடக் கூடாதுல்ல."

மகன் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து, கதவின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தான். அவர் மறுமுனையில் குனிந்து தாளைத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தார். நானும் கை கொடுத்தேன். நல்ல கனம்.